கண்ணாடியில் தெரியாத பலம்

தென்மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் கோயில் முகப்பிலோ ஊர்ச் சாவடிப் பக்கமோ உருண்டையான கருங்கல் ஒன்று கிடக்கும். அதுதான் இளவட்டக்கல். கால்களை அகட்டி நின்று, குனிந்து, இரண்டு கையாலும் கல்லை அணைத்து முதலில் தொடைமேல் ஏற்ற வேண்டும். அங்கிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, பிறகு தோளைத் தாண்டி முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். விரல் மாட்ட விளிம்பு கிடையாது, வழவழவென்று நழுவும். தூக்கியவனுக்கே பெண் என்று ஒரு காலத்தில் இருந்த பேச்சினால் இதைக் கல்யாணக்கல் என்றும் சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இந்தப் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். அருமையான மரபு. ஆனால் அந்தக் கல் ஒரு பரீட்சை மட்டுமே. தூக்க முடிந்ததா இல்லையா என்று அது காட்டிவிடும்; தூக்க முடியாதிருந்தவன் எப்படித் தூக்குகிறவனாக ஆனான் என்பதைக் காட்டாது. பலத்தைப் பற்றி நமக்குள் ஊறிப்போன எண்ணமும் இப்படித்தான் இருக்கிறது. சிலருக்கு அது உண்டு, சிலருக்கு இல்லை; உள்ளவர் தூக்குவார், இல்லாதவர் ஒதுங்கி நின்று பார்ப்பார் என்று நினைக்கிறோம். உண்மையில், பலம் குறைந்தவரிடம்தான் அது வேகமாக வளர்கிறது. கடந்த எண்பது ஆண்டுகளில் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது.

அப்படியானால் புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்களில் இத்தனை பேர் ஏன் நின்றுபோகிறார்கள்? ஒருவரின் முதல் மாதத்தைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்தால் புரியும். முதல் நாளே அங்கிருக்கும் எல்லா மெஷினிலும் உட்கார்ந்து எழுகிறார். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடிவதில்லை. சட்டை மாட்டக் கை மேலே போவதில்லை. மூன்று நாள் படுத்துவிட்டு, விட்டதைப் பிடிப்பதாக நினைத்து மறுபடி ஒரே நாளில் அத்தனையும் செய்கிறார். மூன்றாவது வாரம் கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்க்கிறார். பழைய கைதான். இன்னும் ஒரு வாரம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். ஆரம்ப சூரத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அவரும் தன்னைச் சோம்பேறி என்று நம்பிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு நியாயமற்றது என்பதே என் வாதம். அந்த மூன்று வாரத்தில் அவர் உடலில் பலம் கூடியிருக்கிறது. அது கூடிய இடம் வேறு, அவர் பார்த்த இடம் வேறு.

1979இல் மோரிதானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். முழங்கையை மடக்கும் தசைகளுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்து, தசையின் பருமனையும் அதில் ஓடும் மின்சாரத் துடிப்பையும் சேர்த்தே கவனித்தார்கள். முதல் சில வாரங்களில் கூடிய பலத்தில் பெரும்பங்கு தசை பருத்ததால் வந்ததல்ல, நரம்புகள் தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொண்டதால் வந்தது. மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குப் பிறகுதான் தசையின் வளர்ச்சி மேலோங்குகிறது. பயிற்சியே செய்யாத மறு கையிலும் கொஞ்சம் பலம் கூடியிருந்தது. அங்கே தசை பருக்கவே இல்லை. நரம்புகள்தான் முதலில் மாறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள் இருக்கும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒருவர் குரல் கொடுத்து, அந்தக் குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இழுத்தால் நிலையிலிருந்து கிளம்பிவிடும். கூடுதலாக ஆள் வரவில்லை. இருந்தவர்கள் ஒரே மூச்சில் இழுத்தார்கள், அவ்வளவுதான். தசையிலும் ஒவ்வொரு நரம்புக்குக் கீழும் ஒரு கொத்து இழைகள் உண்டு. பழக்கமில்லாத உடலில் மூளை எல்லாக் கொத்துகளையும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டவையும் ஒரே சமயத்தில் வருவதில்லை. போதாததற்கு எதிர்ப்பக்கத் தசையும் பயத்தில் இறுகி முட்டுக்கட்டை போடும். பெஞ்சில் படுத்து முதன்முதலாக வெறும் கம்பியை நெஞ்சுக்கு மேல் தூக்குகிறவரின் கைகளைக் கவனியுங்கள். கம்பி இடமும் வலமும் ஆடும், ஒரு பக்கம் முந்தும், மணிக்கட்டு பின்னால் மடியும். ஆறேழு முறை வந்த பிறகு அதே கம்பி அதே கைகளில் நேர்கோட்டில் ஏறி இறங்கும். கண்ணாடியில் தேட வேண்டியது புஜத்தை அல்ல, இந்த நடுக்கம் நின்றதைத்தான். நரம்பு கற்றுக்கொள்வது எழுதப் பழகுவது போல. ஒரே நாளில் நூறு பக்கம் எழுதிக் கையெழுத்து திருந்தாது. அளவாக, அடுத்தடுத்து, ஒரே அசைவைத் திரும்பச் செய்வதுதான் வழி.

நரம்புக்குப் பின்னால் தசை வருகிறது, அதற்கும் பின்னால் தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் எலும்பும் வருகின்றன. நரம்பின் கணக்கு வாரங்களில் என்றால், தசையின் கணக்கு மாதங்களில். தசைநாணும் எலும்பும் இன்னும் நிதானம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிபடுவதற்குக் காரணமே இந்த வேக வித்தியாசத்தை அறியாததுதான் என்று சொல்வேன். இரண்டாவது மாதத்தில் தூக்கும் தெம்பு வந்துவிடும், அந்தத் தெம்பை நம்பி எடையை இரட்டிப்பாக்கத் தோன்றும். தாங்க வேண்டிய தசைநாணோ இன்னும் தயாராகியிருக்காது. ஒரு முறை எடை தூக்கிய பிறகு தசை தன்னைப் பழுதுபார்த்துக் கட்டிக்கொள்ளும் வேலை ஏறக்குறைய இரண்டு நாள் நடக்கிறது. அதனால்தான் தொடக்கநிலையில் இருப்பவருக்கு வாரம் 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி என்ற கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்யச் சொல்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எடையைப் படிப்படியாக ஏற்றும் முறை மருத்துவத்துக்குள் நுழைந்த கதை இங்கே சொல்லத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது முழங்காலும் தொடையும் அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள். லேசான எடையைப் பல முறை அசைப்பதும் ஓய்வும்தான் அப்போது வழக்கமான சிகிச்சை. தாமஸ் டெலார்ம் என்ற இளம் மருத்துவர் அதை மாற்றினார். சிறுவயதில் வாதக் காய்ச்சலில் படுத்தெழுந்து, எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். நோயாளி சரியாக 10 தடவை மட்டும் தூக்கக்கூடிய எடை எது என்று கண்டுபிடிப்பார்; அதை வைத்துப் பயிற்சி கொடுப்பார்; பலம் கூடக்கூட எடையையும் கூட்டுவார். சுருங்கிப்போன தொடைகள் தேறின. 1945இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆரம்பத்தில் ஒரு அமர்வுக்கு ஏழு முதல் பத்து செட் வரை செய்யவைத்தவர், அத்தனை தேவையில்லை என்று கண்டு 1948இல் மூன்று செட்டாகக் குறைத்தார். இன்றைக்கு ஊர் ஊராக ஜிம்களில் கேட்கும் ‘மூணு செட், பத்து பத்து’ அந்த மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வந்தது. பயில்வானுக்காகப் பிறந்த முறையல்ல அது. காலைத் தூக்கவே முடியாதவருக்காகப் பிறந்தது.

படிப்படியாக என்றால் எவ்வளவு? ஜிம்மில் இருக்கும் நீளமான பார்பெல் கம்பி மட்டும் 20 கிலோ. சிறிய தட்டு 1.25 கிலோ, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினால் 2.5 கிலோ கூடும். வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழத் தொடங்கி, வாரத்துக்கு 2.5 கிலோ மட்டும் ஏற்றினால் பன்னிரண்டு வாரத்தில் 50 கிலோ. எல்லா அசைவிலும் எல்லோருக்கும் இதே வேகம் வராது. தோளுக்கு மேல் தூக்குவதில் சீக்கிரமே தேங்கும், எடை ஏறாத வாரத்தில் ஒரு தடவை கூடுதலாகத் தூக்கினாலும் அது முன்னேற்றம்தான். ஜிம்முக்குப் போக வசதியில்லாதவர் வீட்டில் வாளியை வைத்துத் தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இவ்வளவு துல்லியமான எடைக்கருவி வேறு வேண்டாம். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து மறுகையால் பையை இடுப்புவரை இழுப்பது, முதுகை நேராக வைத்து இடுப்பை மடித்து வாளியைத் தரையிலிருந்து எடுப்பது, இரு கையிலும் சுமையோடு நடப்பது. உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். நாற்காலி சுலபமாகிவிட்டால் அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழலாம். இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுவது தொடக்கத்தில் நல்லது. எல்லாவற்றையும்விட, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதிவைப்பது கட்டாயம். கண்ணாடி காட்டாத முதல் இரண்டு மாதத்தை இந்த நோட்டுதான் காட்டும்.

இனி, இதற்கு வரும் மறுப்புகளைப் பார்ப்போம். ‘வயதாகிவிட்டது, இனிமேல் என்ன’ என்பதே அதிகம் கேட்கும் மறுப்பு. பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவமனை ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. பங்கேற்ற 10 பேருக்கும் வயது தொண்ணூறை ஒட்டி. எட்டு வாரம், வாரம் மூன்று நாள், உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடையைத் தூக்கும் பயிற்சி. அதுவும் பெயருக்குத் தூக்குவதல்ல. அவரவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிந்த எடையில் 80 சதவீதம்வரை. முடித்த ஒன்பது பேரின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். தொடைத் தசையின் அளவோ 9 சதவீதம்தான் கூடியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நரம்பைப் பற்றிச் சொன்னது தானாக விளங்கும். நான்கு ஆண்டு கழித்து அதே குழு, சராசரியாக 87 வயதான 100 பேரிடம் பத்து வாரம் சோதித்தபோதும், எடை தூக்கியவர்களின் பலம் இரட்டிப்புக்கு மேல் ஆனது, நடை வேகமும் கூடியது. இருபத்தைந்து வயது விளையாட்டு வீரருக்கு எட்டு வாரத்தில் இப்படி ஒரு ஏற்றம் கனவிலும் வராது. அவர் ஏற்கெனவே மேலே நிற்கிறார். தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஏற இவ்வளவு படிகள் மிச்சம் இருக்கின்றன.

‘தினமும் நடக்கிறேனே, போதாதா?’ என்பார்கள். நடை நல்லது, இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, அதை விடக் கூடாது. ஆனால் நடை ஒரே சுமையை, நம் சொந்த எடையை, பழகிய விதத்தில் நகர்த்துவது. தசைக்கு அது புதிதாக எதையும் கேட்பதில்லை. நாற்பதை நெருங்கும்போதே தசை சிறுகச் சிறுகக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு அது வேகம் பிடிக்கிறது. நம் ஊருக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. சென்னையிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைக்கும் மிகப் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் நிற்கும். பலத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பையும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி பலத்தை அளந்து பின்தொடர்ந்ததில், பிடி 5 கிலோ குறையக் குறைய இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடியது. கையைப் பிசைந்து பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. கைப்பிடி, மொத்த உடம்பின் நிலைமையைக் காட்டும் அடையாளம். அந்த எச்சரிக்கையோடுதான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு உழைக்கிறவர்களிடமிருந்து வரும். செங்கல் சுமக்கும் சித்தாள், மூட்டை ஏற்றும் லோடுமேன், குடம் குடமாகத் தண்ணீர் தூக்கும் பெண் ஆகியோருக்கு எதற்கு எடைப் பயிற்சி? அவர்களிடம் பலம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய சுமையை நிர்ணயிப்பது அவர்கள் உடம்பு அல்ல, வேலை. இன்று முதுகு பிடித்திருக்கிறது என்று மூட்டை எடை குறையாது. நடுவில் ஒரு நாள் ஓய்வு கிடைக்காது. எப்போதும் ஒரே இடுப்பில்தான் குடம், ஒரே தோளில்தான் மூட்டை. ஒரு பக்கம் தேய்கிறது, மறுபக்கம் வளராமலே போகிறது. பயிற்சி என்பது சுமை, ஓய்வு, ஏற்றம் மூன்றையும் நாமே அளந்து வைப்பது. கூலி வேலையில் சுமை மட்டும்தான் இருக்கிறது. அவர்களைப் பார்த்து ‘ஜிம்முக்குப் போங்கள்’ என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வும் சாப்பாடும்.

பெண்கள் எடை தூக்கினால் உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்ற பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. தசையைப் பெருக்க உதவும் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்குப் பெண்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் சுரக்கிறது. ஆண்களே வருடக்கணக்கில் பாடுபட்டுத்தான் அந்த உருவத்தை அடைகிறார்கள். வாரம் இரண்டு நாள் எடை தூக்கி அது தற்செயலாக வந்துவிடாது. பெண்களுக்கு இதன் உண்மையான லாபம் எலும்பில் இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். ஆஸ்திரேலியாவில் அப்படி எலும்பு மெலிந்த 101 பெண்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வந்தது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம். ஒரு குழுவினருக்கு முதல் மாதம் லேசான எடையில் முறையைப் பழக்கி, பிறகு கண்காணிப்போடு கனமான எடையைத் தூக்கவைத்தார்கள். அவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு மெலிந்தவர் எதையும் தூக்கக் கூடாது என்று உட்காரவைக்கும் நம் வழக்கத்துக்கு இந்த முடிவு நேர் எதிராக இருக்கிறது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், இதய நோய், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் ஒரு கணம் வெகுவாக ஏறும். தூக்கும்போது மூச்சை விடுவது, இறக்கும்போது இழுப்பது என்று பழகுவது நல்லது. மறுநாள் தசையில் வரும் மந்தமான வலி இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி நிறுத்தச் சொல்லும் வலி. இரண்டையும் பிரித்தறிய ஒரு மாதம் போதும். சிறுவயதில் எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. சாப்பாட்டைப் பற்றிய குழப்பம்தான் பெரிது. ஜிம் வாசலில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும் புரோட்டீன் பவுடர் இல்லாமல் பலம் வராது என்று பலர் நம்புகிறார்கள். இந்தியப் பரிந்துரைப்படி சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். எடைப் பயிற்சி செய்கிறவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனாலும் கூடுதல் பலன் தெரியவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். நம் தட்டில் சோறும் இட்லியும் நிறைய, இவை கம்மி. சாம்பாரில் பருப்பைக் கெட்டியாகப் போட்டு, சாயங்கால முறுக்குக்குப் பதிலாகச் சுண்டல் வைத்தாலே பாதி பிரச்சினை தீரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இதிலும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தொடர்ந்து செய்ய வேண்டும் என்கிறீர்களே, வாழ்க்கை விடுமா? பரீட்சை வரும், காய்ச்சல் வரும், ஊரில் ஒரு சாவு விழும், வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கும். விட்டுவிட்டால் பலம் போவது உண்மைதான். பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பலத்தில் 32 சதவீதத்தை இழந்தார்கள். ஆனால் ஃபின்லாந்தில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஒரு குழு 20 வாரம் இடைவிடாமல் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுசாக விட்டுவிட்டு, திரும்ப வந்து 10 வாரம் செய்தது. முடிவில் இரண்டு குழுவுக்கும் பலத்திலும் தசையின் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. விட்டவர்கள் திரும்பி வந்த சுமார் ஐந்து வாரத்தில் பழைய நிலையை எட்டிவிட்டார்கள். முதல் தடவை அதே உயரத்துக்கு ஏற அவர்களுக்குப் பத்து வாரம் பிடித்திருந்தது. ஆகவே, தொடர்ச்சி என்பதை ஒருநாளும் விடாத விரதம் போல எண்ணிப் பயப்படத் தேவையில்லை. ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டது என்று நினைப்பவர்தான் அத்தோடு நின்றுவிடுகிறார். இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தாலும் அதே நோட்டை எடுத்து, கடைசித் தேதிக்குக் கீழே இன்றைய தேதியை எழுதி, பழைய எடையில் பாதியை மாட்டி, முதல் பத்தைத் தூக்கலாம். கம்பி மறுபடி கொஞ்சம் ஆடும். அடுத்த வாரம் குறைவாக ஆடும்.